பிரேக் கட்டை

தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற சூசைரட்ணத்துக்குப் பழைய சைக்கிள்களைப் புதுப்பிப்பதில்தான் இப்போது சந்தோஷம். மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் பள்ளத்தில் விழுந்து செத்துப்போன தோட்டத்துத் தபால்காரரின் சைக்கிளையும் வாங்கி, துரு சுரண்டி, புதிய பிரேக் கட்டைகள் போட்டு, வீட்டுக் கூரையின் வளை மரத்தில் தொங்கவிட்டார். மறுநாள் காலையில் கட்டைகள் தேய்ந்திருந்தன. ரப்பர் கருகிய வாடை அடித்தது. மாற்றினார். மறுபடியும் தேய்ந்தன. அதன்பிறகு தினமும் மாற்றினார்.

“பேசாம பிரேக்கைக் கழட்டிப் போட்டுருங்களேன்,” என்றாள் மனைவி பவுலின்.

“அப்புறம் அந்தாளு எறக்கத்துல எதைப் புடிச்சு நிப்பாட்டுவாரு?”

ஒருநாள் அட்டன் டவுன் கடைகளில் கட்டை தீர்ந்துவிட்டது. சீமைக் கப்பல் வந்தால்தான் உண்டு என்றார்கள். வெறுங்கையோடு திரும்பியவர், தேய்ந்த கட்டைகளையே இறுக்கிப் பூட்டினார். வெளியே மழை ஊற்றியது.

விடிந்தபோது சைக்கிள் வளையில்தான் தொங்கியது. முன்சக்கரம் மட்டும் நெளிந்துபோய், இன்னும் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.