குரல் வராத படம்

நூலகக் கூடத்தின் திரைச்சீலைகளை இழுத்துவிட்டும், பிற்பகல் வெயில் ஓர் இடுக்கு வழியே நுழைந்து முன்வரிசைக் கால்கள்மேல் விழுகிறது. வெள்ளைத் திரையில் ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடம். இரண்டு பெண்கள் போர்வையின் நுனிகளைப் பிடித்து உதறுகிறார்கள், மடிக்கிறார்கள், அடுத்ததை எடுக்கிறார்கள். எங்கள் திரைப்படச் சங்கத்தின் இந்த மாத ஆவணப்படத்தைத் தேர்ந்தெடுத்தவள் என் நாத்தனார். ஐந்து நிமிடமாகியும் பின்னணியில் யாரும் பேசாததால், ஒலிதான் கெட்டுவிட்டதென்று சங்கச் செயலாளர் ஸ்பீக்கரின் குமிழைத் திருகிக்கொண்டே இருக்கிறார்.

“குரலே வரலியேம்மா!”

“வராது சார். படமே அப்படித்தான்.”

“அப்ப யாரு விளக்கிச் சொல்றது? பேசாம திமிங்கலப் படத்தப் போட்ருவோம். அதுல ஒருத்தர் அழகாப் பேசுறாரு.”

“பேச்சு கேக்கணும்னா ரேடியோ போதுமே சார். நம்மளப் பாக்க வைக்கிறதுதான் படம்.”

பின்வரிசையில் நாற்காலிகள் நகர்கின்றன. “எல்லாரும் எழுந்து போயிடுவாங்கடி” என்று அவள் முழங்கையைக் கிள்ளுகிறேன்.

“போகட்டும் அண்ணி. நான் ஒருத்தி பாத்தாப் போதும்.”

செயலாளர் படத்தை நிறுத்தக் கணினியை நோக்கிக் கை நீட்டுகிறார். அவள் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கணினிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துவிடுகிறாள். அப்போது திரையில் உதறிய போர்வைக்குள்ளிருந்து ஒரு குழந்தையின் ஒற்றைக் காலுறை விழுகிறது. சலவைக்காரி குனிந்து எடுக்கிறாள், நீவிவிடுகிறாள், ஜன்னல் விளிம்பில் ஏற்கெனவே வரிசையாகக் கிடக்கும் ஒற்றைக் காலுறைகளின் கடைசியில் வைக்கிறாள். செயலாளரின் கை பாதியில் நிற்கிறது.

“அது யாருதும்மா?”

“உக்காந்து பாருங்க சார்.”