வெள்ளைச் சாக்ஸ்

செருப்பும் போட்டு அனுப்பியிருக்க வேண்டும் என்று ஆனந்தமேரி மறுபடியும் நினைத்துக்கொண்டாள். கணவர் ராயப்பராஜைப் பெட்டியில் வைத்தபோது கால்களுக்கு வெள்ளைச் சாக்ஸ் மட்டும்தான் மாட்டினார்கள். அதுதான் வழக்கம்.

அவர் இருந்தவரை, சாப்பிட்டு முடித்ததும் இருவரும் போன் மேப்பில் ரோம் நகரத்துத் தெருப்படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பார்கள். "ரிட்டயர் ஆனதும் நேர்ல போறோம் மேரி" என்பார். அதற்குள் மாரடைப்பு வந்துவிட்டது.

கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து, தனியாக அந்தத் தெருப்படத்தைத் திறந்தாள். பேராலயத்து முற்றத்தில் ஒரு தூணடியில் அவர் உட்கார்ந்திருந்தார். எல்லோருடையதையும் போல அவர் முகத்தையும் மங்கலாக்கியிருந்தார்கள். ஆனால் அடக்கத்துக்குப் போட்ட அதே சட்டை, அதே சாக்ஸ். படம் எடுத்ததாக மூலையில் போட்டிருந்த வருஷத்தில் அவர் வத்தலக்குண்டுப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

நாளுக்கு நாள் சாக்ஸின் அடிப்பாகம் அழுக்காகிக்கொண்டு வந்தது.

ரோமில் நர்ஸாக இருக்கும் மகள் பிரிஸ்கில்லா, அம்மா சொன்ன தூணடிக்கே போய் இன்று வீடியோ காலில் வந்தாள்.

"நல்லாப் பாரும்மா, யாருமில்ல. புறாதான் மேயுது. டிக்கெட் போடுறேன், நீயே நேர்ல வந்து பாரு. அப்பா அம்புட்டு ஆசப்பட்ட ஊரு."

வெறும் கல்லை ஆனந்தமேரியும் பார்த்தாள். பிறகு, மகள் பேசிக்கொண்டிருக்கும்போதே, படத்தைத் திறந்தாள். அவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டிருந்தார்.

"நா வரல பாப்பா" என்றாள். "அங்க வந்தா, உனக்குத் தெரியிறதுதான எனக்கும் தெரியும்."