பாம்பின் கழுத்து

கையிலிருந்த கண்ணாடிப் பாம்பை அவள் இன்னும் அறுக்கவில்லை.

விரல் நீளம்கூட வராது. கடும் நீலம். தலையில் இரண்டு சின்னக் கொம்பு.

எதிரே சவப்பெட்டியின் மூடி கிடந்தது. மரத்தில் எழுத்தெழுத்தாகக் குழி வெட்டியிருந்தார்கள். குழிக்குத் தக்க கண்ணாடியைப் பதிப்பது அவள் வேலை. பறவை, கை, வாய், தண்ணீர். என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. அவளுக்குச் சொல்லித்தர எவனும் வரவில்லை.

பாம்பு மட்டும் தெரியும்.

பாம்பு எழுத்து வந்தால் கழுத்தில் அறுக்க வேண்டும். தலை வேறு, உடல் வேறு. நடுவில் இடைவெளி விட்டுப் பசை. முழுசாக விட்டால் கல்லறை இருட்டில் அதற்கு உயிர் வந்துவிடும். உள்ளே படுத்திருக்கும் ஆளைக் கடிக்கும். செத்தவன் மறுபடி செத்தால் அப்புறம் எழவே முடியாது. நைல் கரையில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி.

இந்தப் பெட்டிக்குள் படுக்கப்போகிறவன் சூளைகளின் அதிகாரி.

"என்ன புள்ள, பாம்போட பேச்சுவார்த்தையா?" மேஸ்திரி ஹோரி அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார். "சட்டுபுட்டுன்னு கழுத்தை அறு. ஐயாவைக் கடிச்சு வச்சுதுன்னா, பச்சிலை அரைச்சுக் கட்ட உன்னையும் சேர்த்து உள்ள அனுப்பிடுவேன்."

பட்டறையே சிரித்தது. அவளும் சிரித்து வைத்தாள்.

மேஸ்திரி சொன்னதில் பாதிதான் விளையாட்டு. முழுப் பாம்பு அகப்பட்டால் கையை வெட்டுவார்கள்.

இந்த நீலம் எந்தச் சூளையில் வெந்தது என்று அவளுக்குத் தெரியும்.

அன்றைக்குச் சூளை ஆறவில்லை. கண்ணாடி உருகிய குடுவை இப்போதே வேண்டும் என்றான் அதிகாரி. ஒல்லியான உடம்புதான் சூளை வாய்க்குள் நுழையும் என்று அவள் தங்கச்சி மெரித்தைக் காட்டினான். கைகூட நீட்டவில்லை. முகவாயால் காட்டினான்.

குடுவை வெளியே வந்தது.

மெரித் வரவில்லை.

தங்கச்சியைப் பாயில் சுருட்டி மணலில் புதைத்தார்கள். பெட்டி இல்லை. எழுத்து இல்லை. அறுக்க ஒரு பாம்புகூட இல்லை.

எழுந்தாள். தண்ணீர் குடித்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

சிக்கிமுக்கிக் கல்லைப் பாம்பின் கழுத்தில் வைத்தாள். ஒரு கீறல், ஒரு தட்டு. அவ்வளவுதான் வேலை.

கல்லைக் கீழே வைத்தாள்.

குழியில் பசையைத் தடவிப் பாம்பை முழுசாக இறக்கினாள்.

பிடுங்கிவிடலாம். பசை இன்னும் ஈரம்தான். நகத்தைக் கொண்டுபோனாள். இழுத்துக்கொண்டாள். திரும்பக் கொண்டுபோனாள்.

வாசலில் எல்லாரும் குனிந்தார்கள்.

அதிகாரியின் மனைவி. மூடியைப் பார்க்க வந்திருந்தாள். பின்னால் பூசாரி.

"வாங்கம்மா, வாங்க," மேஸ்திரி ஓடி வந்தார். "ஐயாவுக்கு ஒரு குறை வைப்போமா நாங்க?"

அந்த அம்மாள் மூடியின் தலைமாட்டிலிருந்து தொடங்கினாள். விரல் எழுத்துமேல் எழுத்தாக இறங்கியது. பறவைகளைத் தாண்டியது. பாம்பு வந்தால் நின்றது.

அறுத்தது.

அறுத்தது.

அறுத்தது.

பிறகு அந்த நீலப் பாம்பு.

விரல் அதன் தலையிலிருந்து வால்வரை போனது. திரும்பி வந்தது. எங்கேயும் தடுக்கவில்லை.

பாம்பைப் பதித்தவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"பாம்பெல்லாம் சரியா இருக்காம்மா?" பூசாரி கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்.

அந்த அம்மாள் உள்ளங்கையை அகல விரித்து மூடியில் ஊன்றிக்கொண்டாள்.

"எல்லாம் நான் பார்த்துட்டேன். வெயில்ல நடந்து வந்திருக்கீங்க, போய் நிழல்ல உக்காருங்க சாமி."

பூசாரி போனார். தண்ணீர்ச் செம்போடு மேஸ்திரியும் பின்னாலேயே போனார்.

அந்த அம்மாள் கையை எடுக்கவில்லை. பாம்பைப் பதித்தவளின் காதோரம் குனிந்தாள். குரலை நன்றாகத் தாழ்த்தினாள்.

"ஏண்டி, ஒண்ணு போதுமா?"