தண்ணியில போன சர்டிபிகேட்

"சர்டிபிகேட் இல்லம்மா. வெள்ளத்துல போயிடுச்சு. எத்தனை வாட்டி சொல்றது?"

துளசிங்கம் தலையைக்கூடத் தூக்கவில்லை. அந்தத் தனியார் பாலிடெக்னிக்கின் ஆபீஸ் நிர்வாகம் முழுக்க அவர் கையில்தான்.

அபிகாயில் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சில மாதங்களுக்கு முன்பு வரை இங்கேதான் கெமிஸ்ட்ரி லெக்சரர். சேரும்போது ஒரிஜினல்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வேலையை விட்டதும் தர மறுத்தார்கள்.

"மூணு வருஷம்னு கையெழுத்துப் போட்டீங்கல்ல?" என்று ஒவ்வொரு தடவையும் அவளைத் திருப்பி அனுப்பியது இதே துளசிங்கம்தான்.

இப்போது வெள்ளம் வந்து அவர்களுக்குப் புதுக் காரணம் கிடைத்துவிட்டது.

"சார், புதுக் காலேஜ்ல திங்கட்கிழமை ஒரிஜினல் காட்டணும். இல்லன்னா அந்த வேலை வேற யாருக்காவது போயிடும்."

"அதுக்கு நான் இன்னா பண்றது?"

உள் அறையிலிருந்து சேர்மன் எட்டிப் பார்த்தார்.

"தண்ணி வடிஞ்சு நான் வந்து பார்க்கறப்பவே பீரோ காலிம்மா. இயற்கை பண்ணதுக்கு நாங்க பொறுப்பா? போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டு டூப்ளிகேட்டுக்கு அப்ளை பண்ணுங்க. பாதியில விட்டுட்டுப் போனா இப்படித்தான்."

சொன்னவர் முகத்தில் வருத்தமே இல்லை. சிரிக்காத குறைதான்.

அபிகாயிலுக்குத் தாங்கவில்லை. சேர்மனிடம் காட்ட முடியாத கோபம் முழுவதும் துளசிங்கத்தின் மேல் பாய்ந்தது.

"உங்க பொண்ணோட சர்டிபிகேட்டா இருந்தா இப்படி உக்காந்திருப்பீங்களா சார்? முதலாளிக்கு ஜால்ரா தட்டித் தட்டி உங்க மனசே மரத்துப் போச்சு!"

ஆபீஸே திரும்பிப் பார்த்தது. சேர்மன் கதவைச் சாத்திக்கொண்டார்.

துளசிங்கம் நிதானமாகப் பேனாவை மூடினார்.

"டூப்ளிகேட்டுக்கு எப்படி எழுதறதுன்னு சொல்றேன். சாயந்தரம் வூட்டாண்ட வாம்மா. மாடம்பாக்கம் சிவன் கோயிலுக்குப் பின்னால. யாரைக் கேட்டாலும் காட்டுவாங்க."

வெளியே பைக்கில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் டெனிஸ் இதைக் கேட்டதும் உதட்டைச் சுழித்தான்.

"வீட்டுக்கு வரச் சொல்றானா? அப்ப கவர் எதிர்பார்க்கறான். வேறென்ன?"

வேறு வழியும் இல்லை. போனார்கள்.

பல நாள் கழித்து வந்த வெயில். தெருவில் இன்னும் வடியாத தண்ணீரில் கோயில் மதில் தலைகீழாக அசைந்துகொண்டிருந்தது. டெனிஸ் பைக்கைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டான். அபிகாயில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தனியாக நடந்தாள். ஒரு வாரமாகச் சரியான தூக்கம் இல்லை. கால் தரையில் படுகிறதா என்றே சந்தேகமாக இருந்தது.

வாசலில் நின்றிருந்த துளசிங்கத்தின் மனைவி அஞ்சம்மாள் அவளைப் பார்த்ததும் சொன்னாள், "காலேஜு டீச்சரா? வா கண்ணு. அவரு மேல கீறாரு, போ."

மொட்டைமாடியில் ஏதோ துணி காயப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள்.

துணி இல்லை.

இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கொடி கட்டி, துணி கிளிப் மாட்டி, வரிசை வரிசையாகச் சர்டிபிகேட்டுகள். காற்று வந்தபோது அத்தனையும் சேர்ந்து எழுந்தன, சேர்ந்து அடங்கின.

அவள் உள்ளே நடந்தாள். கூட வேலை பார்த்த தீபாவின் டிகிரி கன்னத்தை உரசிக்கொண்டு போனது. பிசிக்ஸ் வெற்றிவேலின் மார்க் ஷீட். அழுதுகொண்டே வேலையை விட்ட ரேஷ்மா. விட முடியாமல் இன்னும் அங்கேயே இருப்பவர்கள். தெருச் சத்தம் எதுவும் காதில் விழவில்லை. காகிதம் சலசலப்பது மட்டும்தான்.

அந்தக் கோடியில் அவளுடைய பட்டம். ஓரத்தில் லேசாகக் கறை. பின்னாலிருந்து வெயில் பட்டு, அபிகாயில் என்ற பெயர் மட்டும் தனியாக மிதப்பது போலத் தெரிந்தது.

"தொடாதம்மா, இன்னும் ஈரம்."

துளசிங்கம் தண்ணீர்த் தொட்டி நிழலில் குந்தியிருந்தார். கையில் விசிறி.

"சார்... வெள்ளத்துல போயிடுச்சுன்னு சொன்னீங்களே!"

"வெள்ளத்துலதாம்மா வந்துச்சு. நம்ம வூட்டுக்கு."

"காலையில நான் அப்படிப் பேசினது..."

"அதெல்லாம் நல்லாத்தான் கத்தின. அந்தாளு காதுல வுழணும்ல?" விசிறியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, அவளுடையதை ஒவ்வொன்றாகக் கிளிப்பிலிருந்து எடுத்தார். "வூட்டுக்குப் போயி ஃபேனுக்கடியில வெச்சிடு. இங்க வந்ததை யாராண்டயும் சொல்லாத. தீபா பொண்ணு நம்பர் உன்னாண்ட இருக்கா?"

இருந்தது. போனில் தேடிச் சொன்னாள்.

கீழே இறங்கியபோது அஞ்சம்மாள் பெரிய பிளாஸ்டிக் கவர் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். அபிகாயில் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, சார் மட்டும் இல்லன்னா ஆபீஸ் முழுகினப்ப எல்லாமே போயிருக்கும்."

அஞ்சம்மாள் மாடிப்படியை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஆபீசுக்குள்ள தண்ணி முட்டிக்குக்கூட வரல கண்ணு. இதுங்க பீரோ மேல் தட்டுல காஞ்சுதான் கெடந்துச்சு. நனைஞ்சதெல்லாம் நம்ம வூட்டுக்கு வர்ற வழியிலதான்!"