திங்கட்கிழமைப் பெயர்

தலைமை நூலகர் பேனா மூடியைத் திறந்ததும், பல்கலைக்கழக நூலகத்தின் நான்கு ஊழியர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கையெழுத்துப் போடுகிற வேகத்தில் துண்டுத்தாளில் ஒரு பெயரை எழுதி, உறையில் போட்டு ஒட்டினார்.

புதுத் துணைவேந்தர் வந்தபிறகு முளைத்த வழக்கம் இது. திங்கட்கிழமைதோறும் ஒவ்வொரு பிரிவும் ஒரு சோம்பேறியின் பெயரைத் தரவேண்டும். "யாராயிருந்தா எனக்கென்ன? எனக்கு ஒரு பேரு வந்தாகணும்!" என்று கூட்டத்தில் மேசையைத் தட்டியிருந்தார். பெயர் ரகசியம். ஒரே பெயர் மூன்று முறை வந்தால் ஆள் வீட்டுக்கு.

மூன்றே வாரத்தில் நூலகம் நாறிப்போயிற்று. கவுன்ட்டர்காரர் தன் கைக்குட்டையால் தலைமை நூலகரின் நாற்காலியைத் துடைத்தார். "சார் தும்மினாக்கூட ஒரு கம்பீரம்!" என்றாள் தட்டச்சர். நேற்றுவரை ஒரே டப்பாவில் கைவைத்துச் சாப்பிட்டவர்கள், இன்று ஒருவர் வந்த நேரத்தை மற்றவர் குறித்துவைத்தார்கள்.

உதவி நூலகிக்கு அருவருப்பாயிருந்தது. அடுத்தவர்களைப் பார்த்து மட்டுமல்ல. அவளுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கணவனுக்கோ வேலை போய் ஆறு மாதம். அன்று காலையில் அவளும் தலைமை நூலகரிடம் போய்க் குசுகுசுத்திருந்தாள்.

"சார், பைண்டர் அண்ணன் பசை காயற வரைக்கும் தூங்கறாரு. வெள்ளிக்கிழமையும் அப்படித்தான்."

தலைமை நூலகர் அவளை ஒரு கணம் பார்த்தார். "சாப்பிட்டியாம்மா? முகம் வாடிக் கிடக்கே. மொதல்ல போய்ச் சாப்பிடு."

அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் மகளின் கிழிந்த பாடப்புத்தகத்தைக் கேட்காமலே தைத்துக் கொடுத்தவர் அந்த அண்ணன். வாயை எத்தனை முறை கொப்பளித்தும் சொன்ன சொல்லின் நாற்றம் போகவில்லை.

உறையைக் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் வேலை. துணைவேந்தரின் உதவியாளர் பிரித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"மூணாவது தடவையும் அதே பேரு. ஆள் காலி!" சுடச்சுட ஓர் ஆணையை அச்செடுத்து, உறையிலிட்டு ஒட்டி நீட்டினார். "உங்க தலைமை நூலகர் கையிலயே குடுத்துடும்மா."

படியிறங்கும்போது அவள் உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்; பெயர் தெரியவில்லை. தானா, பைண்டரா? 'கடவுளே, அவராகவே இருக்கட்டும்' என்று நெஞ்சு வேண்டிக்கொண்டது. அடுத்த நொடி, தன் மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

தலைமை நூலகர் ஆணையைப் படித்துத் தலையசைத்தார். கண்ணாடிக் கூட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, குடையை எடுத்தார்.

"யாருக்கு சார்?" கவுன்ட்டர்காரரின் குரல் கீச்சிட்டது. பைண்டர் பசைக்கையோடு வந்து நின்றார்.

"எனக்குத்தான்ப்பா."

"உங்களுக்கா!" தட்டச்சர் மற்ற மூவரையும் முறைத்தாள். "எந்தப் பாவி சார் உங்க பேரை எழுதினது?"

அவர் பேனாவை மூடி, அடுத்த திங்கட்கிழமை பெயர் எழுதவேண்டிய உதவி நூலகியின் முன்னால் மெதுவாக வைத்தார்.

"நான்தாம்மா."