கில்பர்ட் துரையின் பிரேக் டிரம்

சித்தூர் சபையின் நூற்றைம்பது ஆண்டு வரலாற்றிலேயே மிகப் புனிதமான பொருள், அந்தச் சனிக்கிழமை காலை நேசகுமார் வீட்டு இட்லிக் குண்டானில், டீசலில் ஊறிக்கொண்டிருந்தது.

"துரை கை பட்ட சாமான் ஜெயா. பிளாஸ்டிக் பக்கெட்ல போட மனசு வரல," என்றார் நேசகுமார்.

"அதுக்கு என் கை பட்ட குண்டான்தான் கெடைச்சுதா?" என்றாள் மனைவி ஜெயகுமாரி.

பொருள் வேறொன்றுமில்லை, ஒரு பிரேக் டிரம். சக்கரத்தின் நடுவில் இருக்கும் வட்ட இரும்பு. போன ஞாயிறு, சபையார் காணிக்கையாகக் கொண்டுவருவதை ஏலம் விடும் அறுப்பின் பண்டிகையில், பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் இடையில், கரியும் கிரீசும் அப்பிக்கொண்டு வந்து நின்றது. யாருடைய காணிக்கை என்று சீட்டு இல்லை. ஏலம் விட்டவர் அது என்னவென்றே தெரியாமல் விழிக்க, நேசகுமார் எழுந்து நின்று அறிவித்தார்:

"இது அந்தக் காலத்து வெள்ளக்கார மிஷனரி கில்பர்ட் துரையோட மோட்டார் சைக்கிள் டிரம். இதுலதான் அவரு பலமனேர் மலையேறி ஊழியம் செஞ்சாரு."

அவர் சொன்னால் மறுப்பேது? முப்பது வருடம் போக்குவரத்து ஆபீசில் இருந்தவர். அங்கே அவர் பார்த்ததெல்லாம் காகிதம்தான். சொந்த ஸ்கூட்டர் பஞ்சரானால்கூட மெக்கானிக் பச்சையப்பனுக்கு ஆள் அனுப்புவார். அது சபைக்குத் தெரியாது.

ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் மாசிலாமணியும் போட்டிக்கு வந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து ஜெயகுமாரி இரண்டு கைகளையும் பலமாக ஆட்டினாள். 'விடாதீங்க' என்கிறாள் என்று எடுத்துக்கொண்ட நேசகுமார், மாசிலாமணி உட்காரும்வரை ஏற்றிக்கொண்டே போனார்.

நாளை ஆண்டு விழா. டிரம்மைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து பிஷப் திறக்கிறார். அடியில் பதிக்கப் பித்தளைத் தகடு, அதில் நேசகுமார் பெயர். மாசிலாமணி பெயர் கோயில் மணிக்கூண்டிலேயே இருக்கிறது. தன் பெயர் ஒரு குழாயடியில்கூட இல்லையே என்று இருபது வருடமாக வெந்துகொண்டிருந்தவர் நேசகுமார்.

ஜெயகுமாரி போன மாதம்தான் தட்டுமுட்டுச் சாமான்களை ஒழித்து இடம் பண்ணியிருந்த பின்கட்டில், அவர் சம்மணமிட்டு உட்கார்ந்து வேலையில் இறங்கினார். ஸ்குரூ டிரைவரால் சுரண்டினார், கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். அழுக்கு ஏடு ஏடாகக் கழன்றது.

"இன்னாங்க, நானும் ஞாயித்துக்கெழமலேர்ந்து ஒண்ணு சொல்ல வரேன்."

"குண்டானப் பத்தியா?"

"இல்லிங்க, இந்த டிரம்மு..."

"மெஷின் சமாச்சாரம் உனக்கு வேணாம் ஜெயா. மூலைமுடுக்குல தேய்க்கணும், பழைய டூத் பிரஷ் ஒண்ணு கொண்டா."

கொண்டுவந்து கொடுத்தாள். அது காலையில் அவர் பல் துலக்கியது. அவர் கவனிக்கவில்லை.

கிரீசுக்கு அடியில் பச்சை நிறம் எட்டிப் பார்த்தது.

"பாத்தியா! இங்கிலாந்து பெயின்ட்டு. இத்தினி வருஷமாகியும் போவல பாரு!"

ஜெயகுமாரி சந்து வழியே தெரிந்த தங்கள் வீட்டுக் கேட்டைப் பார்த்தாள். அதுவும் அதே பச்சை. அதைத் திறந்துகொண்டு மாசிலாமணி வந்துகொண்டிருந்தார்.

"இன்னா நேசகுமார், டிரம்முக்கு ஞானஸ்நானமா? அதுவும் முழுக்கு ஞானஸ்நானம்!"

"வாங்க சார். நீங்க கோட்ட விட்ட சாமான் எப்பிடி மின்னுது, நல்லா பாத்துக்குங்க. நாளைக்கு கண்ணாடிக்குள்ள போயிடும்."

மாசிலாமணி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. டிரம்மை வைத்துவிட்டு விரலை முகர்ந்தார்.

"மின்னுது, சரி. துரைகிட்டேந்து இது யார் வழியா வந்துச்சு? பிஷப் கேப்பாரே. சாட்சி வேணாமா?"

"அதெல்லாம் யோசிக்காம இருப்பேனா? குடுத்தவங்க யாருன்னு ஆயர்கிட்ட விசாரிக்கச் சொல்லிட்டேன். துரை பங்களாவுல இருந்த பெரிய குடும்பமாத்தான் இருக்கணும். தகட்டுல எம் பேருக்குக் கீழ ஒரு வரி காலியா விட்டு வச்சிருக்கேன்."

"இன்னாங்க..." என்றாள் ஜெயகுமாரி.

"பெரியவங்க பேசிக்கினு இருக்கோம் இல்ல? கொஞ்சம் இரு."

போன் அடித்தது. சபை ஆயர் இஸ்ரேல். மாசிலாமணி காதிலும் விழட்டும் என்று நேசகுமார் டீசல் விரலால் ஸ்பீக்கரைப் போட்டார்.

"ஐயா, பெண்கள் ஐக்கியத்துல காணிக்கை எழுதி வைக்கிற நோட்டைத் தேடிப் பாத்துட்டேன். குடுத்தவங்க பேரு கெடைச்சிருச்சு."

"அப்பிடியா! சத்தமா சொல்லுங்க ஆயரே. மாசிலாமணி சாரும் இங்கதான் இருக்காரு."

"உங்க வீட்டம்மாதாங்க ஐயா."

டூத் பிரஷ் நழுவிக் குண்டானுக்குள் விழுந்தது. நேசகுமார் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"நம்ம பழைய ஸ்கூட்டருதுங்க," என்றாள் ஜெயகுமாரி. "ரொம்ப அழுக்கா இருக்குதுன்னு இரும்புக்காரன்கூட எடுத்துக்கல."