காற்றுத் திருடன்

"இருபத்தொன்பது! இன்னைக்கும் இருபத்தொன்பது! இங்க வந்து பாரும்மா!"

மருந்துக்கடைக்காரர் கீழே கார் பக்கத்திலிருந்து போட்ட சத்தத்தில், மூன்றாவது மாடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கூட எட்டிப் பார்த்தார்.

மனைவி ஈரத்தலையில் சுற்றிய துண்டோடு இறங்கி வந்தாள். அவள் கணக்கு டீச்சர். அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் காரை ஓட்டிப் பள்ளிக்குப் போய் வருகிறவள் அவள்தான். அவருக்குக் கடை அடுத்த தெரு, நடந்தே போய்விடுவார். ஆக, ஓட்டுவது அவள் பொறுப்பு, டயருக்குக் காற்று அவர் பொறுப்பு.

"நாலு டயருமாங்க?"

"நாலும்தான். நேத்துக் காலையில முப்பத்திரண்டுக்கு ஏத்தினேன். மூணு பாயிண்ட் எங்கே போச்சு?"

சின்னக் கார். வாங்கிய அன்றே, டிரைவர் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டி அவளுக்குப் பாடம் நடத்தியிருந்தார். "டயர்மேல எழுதியிருக்கே, அதைப் பார்க்காதே. அது டயர் தாங்குற உச்சம். நம்ம காருக்கு இதுல இருக்கிறதுதான் கணக்கு. முப்பத்திரண்டு. குறைஞ்சா டயர் தேயும், கூடினா பிரேக் போடறப்ப வழுக்கும். ஒரு பாயிண்ட்கூட முன்னே பின்னே இருக்கக் கூடாது." மருந்து அளக்கிற கை அல்லவா? அளவு என்று வந்துவிட்டால் அவரிடம் விளையாட்டே கிடையாது. அதோடு, அவள் நல்லபடியாக வீடு வந்து சேர்வதைவிட அவருக்குப் பெரிய விஷயம் உலகத்தில் ஒன்றுமில்லை.

இரண்டு வாரம் முன்னால் காற்று அளக்கும் மீட்டர் ஒன்று வாங்கிக் காரிலேயே வைத்தார். நல்லவேளை வாங்கினார். வாங்கிய மறுநாளே குட்டு வெளிப்பட்டுவிட்டது. தினமும் யாரோ காற்றை இறக்குகிறார்கள்!

டயர் கடையில் நாலு சக்கரத்தையும் கழற்றித் தண்ணீரில் முக்கிப் பார்த்தார்கள். ஒரு குமிழிகூட வரவில்லை. "ஆணி குத்தினா ஒரு டயர்ல இறங்கும் சார். நாலுலயும் சொல்லி வச்ச மாதிரி இறங்குதுன்னா, அது மனுஷன் கைவேலைதான். உங்களுக்கு ஆகாதவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார் கடைக்காரர்.

இருந்தார். கீழ்வீட்டுத் தையல்காரர். ஸ்கூட்டரைக் காருக்குக் குறுக்கே நிறுத்தியதில் வாய்த்தகராறு வந்து, ஒரு மாதமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"இனிமே இங்க சரிப்படாது. காத்து வர்ற வீடுன்னு குடி வந்தோம், காத்து போற வீடா இருக்கு. நாளைக்கே வேற வீடு பார்க்கப் போறேன்."

மனைவியின் முகம் வாடிவிட்டது. ஆசை ஆசையாய்த் தேடிப் பிடித்த வீடு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் பூங்கா. விடைத்தாள் திருத்துவதற்கென்றே அவளுக்கு ஒரு தனி அறை.

"எவனோ ஒருத்தன் காத்தைப் பிடுங்குறான்னு நாம வீட்டையே காலி பண்றதாங்க? தையல்காரரைப் பார்த்தா அப்படித் தெரியலையே!"

"உனக்கு ஊர்ல எல்லாரும் நல்லவங்கதான்" என்றபடி கால் பம்பை மிதிக்க ஆரம்பித்தார். நாலு டயரும் முப்பத்திரண்டைத் தொட்டபோது மூச்சு வாங்கினாலும் மனசு நிறைந்துவிட்டது. "பத்திரமா போய்ட்டு வாம்மா" என்று வழியனுப்பி வைத்தார்.

அன்று சாயங்காலம் கடையை உதவியாளரிடம் விட்டுவிட்டுச் சீக்கிரமே கிளம்பி வந்து, மாடிப்படிக்கு அடியில் ஒளிந்துகொண்டார்.

"என்ன சார், கண்ணாமூச்சியா?"

திடுக்கிட்டுத் திரும்பினார். கழுத்தில் அளவு டேப்போடு தையல்காரர்!

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "என் கார்ல காத்தை இறக்குற ஆளைக் கையும் களவுமா பிடிக்கப் போறேன். பிடிச்சு நாலு வார்த்தை கேட்டுட்டு, வீட்டையும் காலி பண்ணிட்டுப் போறேன். போதுமா?"

"ஓ, நான்னு முடிவே பண்ணிட்டீங்களா? அளவெடுக்கிறதுதான் சார் என் தொழில், காத்தெடுக்கிறது இல்ல. கொஞ்சம் தள்ளி உட்காருங்க. என் பேரைக் கெடுக்கிறவன் யாருன்னு எனக்கும் தெரியணும்."

இருவரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

கார் வந்து நின்றது. மனைவி இறங்கினாள். மேலே தங்கள் வீட்டு ஜன்னலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். மீட்டரை எடுத்தாள். முன்சக்கரத்தின் பக்கத்தில் குந்தினாள்.

உஸ்ஸ்ஸ்...

அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்தாள்.

உஸ்ஸ்ஸ்...

"நீயா?" என்று அலறிக்கொண்டே வெளியே வந்தார் மருந்துக்கடைக்காரர்.

"அடடா, பார்த்துட்டீங்களா!" அவள் பயப்படவில்லை. கூச்சத்தோடு சிரித்தாள். "உங்களுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவீங்கன்னுதான் சொல்லலைங்க. ராத்திரி அந்தப் பாவி வந்து இறக்கிட்டுப் போறான். காலையில நீங்க அந்த ஆத்திரத்துல மிதிக்கிறப்ப கூட ஏத்திடறீங்க. தினமும் ஸ்கூல்லேர்ந்து வந்து பார்த்தா முப்பத்தஞ்சு காட்டுது! அதான், நீங்க சொன்ன முப்பத்திரண்டுக்கு நானே கொண்டுவந்து வச்சிடறேன்."

மருந்துக்கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். ஓடி வந்த டயர் சூட்டுக்கு மூணு பாயிண்ட் கூடத்தான் காட்டும், ஆறினால் அந்த மூணும் தானாக இறங்கிவிடும், அதனால் காலையில் கார் கிளம்புமுன்தான் அளக்க வேண்டும் என்பதை மட்டும் அன்றைய பாடத்தில் அவர் சொல்லாமல் விட்டிருந்தார்.

தையல்காரர் மெல்ல அவர் காதருகே குனிந்தார்.

"சார், வேற வீட்டுக்குப் போறப்ப திருடனையும் கூடவே கூட்டிட்டுப் போறீங்களா, இல்ல இங்கயே விட்டுட்டுப் போறீங்களா?"